இரண்டு டைரியில் இரண்டு வாய்தா தேதி

உங்கள் வக்கீல் ஆபீஸில் வாய்தா தேதி குழம்பாமல் இருக்க மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சீனியர் டைரியில் ஒரு தேதி, குமாஸ்தா டைரியில் வேறு தேதி, அதனால் ஒரு வழக்கு ஆஜராகாமல் தள்ளுபடி என்கிறீர்கள். எல்லா வழக்குகளின் சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) கோர்ட்டுகளின் அதிகாரபூர்வ இகோர்ட்ஸ் செயலியின் ‘மை கேசஸ்’ பகுதியில் சேர்த்துவிடுங்கள். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 16, தமிழ்நாட்டு மாவட்ட, கீழ்க் கோர்ட் வழக்கு என்றால் ‘டிஎன்’ என்று தொடங்கும். வழக்குக் கட்டின் மேலட்டையிலும் அதைப் பெரிதாக எழுதுங்கள்.

கோளாறு பெரும்பாலும் எழுதும் நேரத்தில்தான். கோர்ட் ஹாலில் கட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்குவது, சாயங்காலம் ஆபீஸில் இன்னொருவர் அதைப் பார்த்து டைரியில் ஏற்றுவது. 12 அங்கேதான் 17 ஆகிறது. ஹாலைவிட்டு வெளியே வருமுன் ஒரே டைரியில் எழுதட்டும்; மற்றது அதன் நகலாக இருந்தால் போதும். (சீனியர் முனகுவார், சரி.)

சோதித்துப் பாருங்கள்: போன மாதக் கட்டுகளில் பத்தை எடுத்து இரண்டு டைரியையும் செயலியையும் ஒப்பிடுங்கள். ஒரு டைரி மட்டும் தப்பாக இருந்தால் பார்த்து எழுதியதில் பிழை. இரண்டுமே தப்பாக இருந்தால் ஹாலில் காதில் விழுந்ததே தப்பு.

ஆனால் செயலியையே முழுதாக நம்பாதீர்கள். சில கோர்ட்டுகளில் தேதி ஏறத் தாமதமாகும். ஹாலில் நீதிபதிக்கு உதவியாக இருக்கும் பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் போனுக்குள்தான் இருக்கும், அதனால் அவ்வப்போது எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

அப்புறம், தள்ளுபடியான அசல் வழக்கை (சிவில் வழக்கை) மீட்க மனு போட 30 நாள்தான். அந்த வேலையை முதலில் பாருங்கள்.