ரிவர்ஸ் கியர் இல்லாத எந்திரம்

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கம் மெட்ரோ சுரங்கம் தோண்டுகிறார்கள். வேலை முடிந்ததும் எந்திரம் வந்த வழியே திரும்பிப் போகுமா என்று என் பேரன் கேட்கிறான். என்ன சொல்வது?
– வாசகி, மந்தைவெளி, சென்னை

பதில்: பேரன் கெட்டிக்காரன், அம்மா. திரும்பாது; திரும்பவும் முடியாது.

உறைகிணறு பார்த்திருப்பீர்கள். அதைப் படுக்கவைத்தது மாதிரிதான் இந்தச் சுரங்கம். கிணற்றில் உறையை மேலிருந்து இறக்குவோம். இங்கே எந்திரத்தின் வாலுக்குள்ளேயே உறை கட்டுகிறோம். ஓர் உறை அளவு தோண்டியதும் எந்திரம் நிற்கும். வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஓர் இரும்புக் கை தூக்கி ஒவ்வொன்றாகப் பொருத்தும். உறையை உதைத்து எந்திரத்தை முன்னே தள்ளும் ஜாக்கிகளில், துண்டு உட்காரும் இடத்தில் இருப்பவற்றை மட்டும் உள்ளே இழுப்போம். மற்றவை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் மண் எந்திரத்தையே பின்னுக்குத் தள்ளிவிடும். கடைசித் துண்டு ஆப்பு மாதிரி சின்னது. ஒருமுறை நான் அவசரப்பட்டதில் அதன் ரப்பர் பட்டை பிதுங்கி, இரண்டு நாள் தண்ணீர் ஒழுகியது. ஷிஃப்ட் முழுக்கத் திட்டு எனக்குத்தான்.

கட்டிய உறையை உதைத்துத்தான் எந்திரம் முன்னே நகர்கிறது. உறையைவிட எந்திரம் பெரியது. அப்புறம் எப்படி அதற்குள் திரும்ப நுழையும்? ஆகவே அடுத்த ஸ்டேஷன் குழியில்தான் தலைகாட்டும். அந்தக் குழிச் சுவரில் எந்திரம் துளைக்கும் வட்டத்தில் மட்டும் இரும்புக் கம்பி இருக்காது. கண்ணாடியிழைக் கம்பி போட்டிருப்பார்கள். இரும்பென்றால் எந்திரத் தலையின் வெட்டும் பற்கள் போய்விடும். அங்கே பிரித்து கிரேனில் தூக்குவார்கள், அல்லது குழிக்குள் இழுத்துப்போய் எதிர்ச்சுவரில் மறுபடி தொடங்குவார்கள்.

நடுவழியில் பழுதானால்? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2013 டிசம்பரில் 'பெர்த்தா' என்ற எந்திரம் நின்றுபோனது. விட்டம் 17.5 மீட்டர். பின்னால் எடுக்க வழியில்லை. அதற்கு முன்னால் சுமார் 36 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, தலையைக் கழற்றி மேலே தூக்கிச் சரிசெய்தார்கள். அது தோண்டிய சுரங்கச் சாலை திறக்க 2019 ஆகிவிட்டது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் இன்னும் வேடிக்கை. பிரிட்டன் பக்கமிருந்து கடலடியில் தோண்டிவந்த எந்திரங்களை வேலை முடிந்ததும் பாதையிலிருந்து ஒதுக்கி அங்கேயே புதைத்துவிட்டார்கள். வெளியே கொண்டுவரும் செலவு அதிகம்!

கேள்வி: ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் மண் தெரியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: துளிகூடத் தெரியாது, சார். ஜன்னலே கிடையாது, திரைதான். தோண்டிய மண் தலைக்குப் பின்னால் ஓர் அறையில் அடைந்து நிற்கும், ஒரு பெரிய திருகு அதை வெளியே எடுக்கும். திருகு வேகமாகச் சுற்றினால் அறையின் அழுத்தம் குறைந்து மேலே தெரு உள்வாங்கும். ரொம்ப மெதுவாகச் சுற்றினால் தெரு புடைக்கும். நான் திரையை மட்டும் நம்பமாட்டேன். பெல்ட்டில் வரும் மண்ணை ஒரு பிடி எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பேன். களிமண் ஒட்டினால், மண்ணை இளக்க முன்னால் பீய்ச்சும் நுரையைக் கூட்டச் சொல்வேன். வடைமாவுப் பதத்தில் வந்தால் போய் டீ குடிக்கலாம்.