ட்ராக்டர் லோடர் பக்கெட்டுக்கு ஹைட்ராலிக் கவ்வியை நாமே செய்ய முடியுமா? கைவசம் உள்ள 63 மி.மீ. சிலிண்டர்களைப் போடலாமா?

முடியும். ஆனால் அந்த 63 மி.மீ. சிலிண்டர்களை வேறு வேலைக்கு எடுத்து வையுங்கள்.

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: 40 குதிரைத்திறன் ட்ராக்டர், முன்பக்க லோடர், சாதாரண மண் பக்கெட். வெட்டிய கிளைகளையும் வேர்க்கட்டைகளையும் அள்ளினால் பாதி வழியில் சரிந்து விழுகின்றன, அதனால் பக்கெட்டின் மேல் கவ்வி வேண்டும். இதற்குச் சிலிண்டர் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

இந்த அளவு ட்ராக்டர்களில் ஹைட்ராலிக் அழுத்தம் 170 பார், அதாவது சுமார் 2500 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். 63 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 31 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 173 கிலோ வீதம் ஒரு சிலிண்டர் ஐந்து டன்னுக்கு மேல் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் பத்து டன்னைத் தாண்டும். கீலிலிருந்து கவ்வியின் நகத்தின் (பொருளைப் பிடிக்கும் வளைந்த தகட்டின்) நுனி 600 மி.மீ., சிலிண்டர் மாட்டும் இடம் 150 மி.மீ. என்றால் நுனிக்கு வருவது அதில் நாலில் ஒரு பங்கு. அப்படியும் இரண்டரை டன்னுக்கு மேல்! உங்கள் லோடர் தூக்குவதே ஒரு டன் இருக்காது. மிச்ச பலம் எதையாவது வளைக்கத்தான் பயன்படும். முதலில் வளைவது பக்கெட்டின் மேல் விளிம்பு.

40 மி.மீ. சிலிண்டர் இரண்டு போடுங்கள். ஒன்று சுமார் 2.2 டன் தள்ளும், நுனியில் அரை டன்னுக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டும் சேர்த்து ஒரு டன். கிளைக் குவியலை அமுக்கிப் பிடிக்க இது தாராளம். 63-ஐத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தால், கவ்விக்குப் போகும் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வ் ஒன்றை வைத்தாக வேண்டும். நிரப்ப எண்ணெயும் இரண்டரை மடங்கு வேண்டும், கவ்வி ஆமை வேகத்தில் மூடும்.

இனி பக்கெட். மண் பக்கெட் தகடு கீழேயிருந்து வரும் மண்ணைத் தாங்கச் செய்தது. மேல் விளிம்பில் ஒரு கீலை ஒட்டி இழுத்தால் என்ன ஆகும் என்று செய்தவர் யோசித்திருக்க மாட்டார். அங்கே தகடு பெரும்பாலும் 4, 5 மி.மீ.தான் இருக்கும். நேராக அதன் மேல் கீலை வெல்டிங் செய்தால், வெல்டிங் நன்றாக இருந்தாலும் பக்கத்துத் தகடு கிழியும்.

நான் செய்யும் அமைப்பு இது. நகத்துக்குக் கீலின் பின்பக்கம் 150 மி.மீ. நீளத்தில் ஒரு வால் விட்டுவிடுவேன். சிலிண்டர் பக்கெட்டின் முதுகில் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். அது நீண்டு வாலை மேலே தள்ளினால் முன்னால் நகம் இறங்கிக் கவ்வும். இதில் இரண்டு லாபம். சிலிண்டர் நீளும்போது ராடு (உள்ளிருந்து வெளியே வரும் தண்டு) இல்லாத பக்கத்தில் எண்ணெய் ஏறுவதால் கவ்வும் திசையில் முழுப் பலமும் கிடைக்கிறது. அடுத்து, பளபள ராடு பக்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கிளை குத்திக் கீறல் விழாது. ராடில் ஒரு கீறல் விழுந்தால் சீல் போனது போலத்தான்.

இதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: கீலும் சிலிண்டரின் அடியை மாட்டும் பின்னும் (இரும்பு அச்சும்) ஒரே தகட்டில் இருக்க வேண்டும். சிலிண்டர் மேலே இரண்டு டன் தள்ளும்போது அதன் அடி கீழே இரண்டு டன் தள்ளுகிறது. கீல் அதற்கு எதிராக இழுக்கிறது. இரண்டையும் பக்கெட்டில் தனித்தனி இடத்தில் ஒட்டினால் இந்த இழுபறி முழுக்க மெல்லிய தகடு வழியாகப் போகும். 12 மி.மீ. தகட்டில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, மேலே கீல் துளை, கீழே சிலிண்டர் துளை என்று போட்டுவிட்டால் அந்தச் சண்டை பட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். பக்கெட்டுக்குப் போவது நகம் பிடிக்கும் விசை மட்டும். ஒரு சிலிண்டருக்கு இப்படி இரண்டு பட்டை, நடுவில் சிலிண்டர். பட்டையின் கீழ் முனையை லோடர் பின் மாட்டும் காதுகள் வரை இறக்கி அங்கே சேர்த்துவிடுங்கள். பக்கெட்டில் உண்மையிலேயே கெட்டியான இடம் அதுதான். மேல் விளிம்பு நெடுக 75×75×6 சதுரக் குழாய் ஒன்று போட்டால் விளிம்பும் முறுக்காது.

நகங்களை ஒரே கதவாகச் சேர்க்காமல், இரண்டு நகம் ஒரு கதவு, இன்னும் இரண்டு நகம் இன்னொரு கதவு என்று பிரித்துவிடுங்கள். ஒரு பக்கம் தடித்த அடிமரம், இன்னொரு பக்கம் சில்லுக் குச்சி என்று வரும்போது ஒற்றைக் கதவு தடித்த பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், மற்ற பக்கம் கொட்டும். இரண்டு சிலிண்டரையும் T வடிவ இணைப்பு போட்டு ஒரே லைனில் இணைத்தால் போதும். எண்ணெய் எளிதான பக்கம் முதலில் போகும், அந்தக் கதவு முட்டியதும் மற்றதை மூடும். சேர்ந்து மூடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதுதான் நமக்கு வேண்டியது.

நகத்துக்கு 10 மி.மீ. தகடு போதும். 700 மி.மீ. நீளம், 120 அகலம் என்றால் ஒரு நகம் ஆறரை கிலோ வரும். தடித்த தகட்டில் ஆசை வைக்காதீர்கள். பக்கெட்டில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் லோடர் தூக்கும் எடையிலிருந்து கழியும். குழாய், பட்டை, சிலிண்டர் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கும். அதற்கு ஏற்ப ட்ராக்டரின் பின்னால் எதிர்ப்பாரம் வேண்டும், முன் அச்சு மட்டும் சுமக்கக் கூடாது.

ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டர் நீளும் தூரம், எவ்வளவு என்றால் 200 மி.மீ. வால் 150 மி.மீ. இருந்தால் நகம் சுமார் 83 டிகிரி திறக்கும். வாலை 130-க்குக் குறைத்தால் 100 டிகிரி கிடைக்கும். ஆனால் இரு கோடிகளிலும் சிலிண்டர் வாலைச் சாய்வாகத் தள்ளுவதால் பலம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கும். 150-இல் இது முக்கால் பங்கு. ஸ்ட்ரோக்கின் நடுவில் சிலிண்டரும் வாலும் செங்குத்தாக இருக்கும்படி வைத்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். சிலிண்டரின் கோடு கீலின் வழியாகவே போகிற நிலை வந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் நகம் அசையாது. இதை இரும்பு வெட்டிய பிறகு கண்டுபிடிக்க வேண்டாம். தடித்த அட்டையில் நகத்தை வெட்டி, ஒரு ஆணியைக் கீலாக வைத்து பக்கெட்டின் பக்கத் தகட்டில் சுழற்றிப் பாருங்கள். பிறகு பக்கெட்டை முழுக்கப் பின்னால் மடக்கி, லோடரின் குறுக்குக் குழாய்க்கும் சிலிண்டருக்கும் இடையே கை நுழைகிறதா, திறந்த நகம் ட்ராக்டர் மூக்கில் முட்டுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கட்டும், லோடர் தாங்கு போட்டு நிற்கட்டும்.

வெல்டிங்கில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது கீல் புஷ்களில், அதாவது பின் நுழையும் குழாய்த் துண்டுகளில். தனித்தனியாக அளந்து ஒட்டினால் ஒரு மி.மீ. விலகும், கீல் பின் உள்ளே போகாது. பக்கெட் அகலம் முழுக்க வரும் ஒரே நேரான ராடை எல்லாப் புஷ்களிலும் கோத்து, அப்படியே வைத்து டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். பிறகு இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வெல்டிங் ஓட்டுங்கள். ஒரே பக்கம் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் சூடு இழுத்து எல்லாவற்றையும் கோணலாக்கும். நடுநடுவே அந்த ராடைத் தட்டிச் சுழற்றிப் பாருங்கள். இறுகுகிறது என்றால் கொஞ்சம் ஆற விடுங்கள். கீல் துளையை கேஸில் வெட்டக் கூடாது, துளையிட வேண்டும்.

வெல்டிங் ராடு 7018 வகை, ஈரம் பட்டிருந்தால் உலர்த்தியது. 10 மி.மீ.க்கு மேல் உள்ள தகடுகளுக்கு ஓரம் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பக்கெட்டின் கட்டிங் எட்ஜ் (மண்ணை வெட்டும் கீழ் விளிம்பு) கடினப்பட்ட எஃகு, அதில் ஏதாவது ஒட்டுவதாக இருந்தால் முதலில் சூடேற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் விரிசல் விடும். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கேயோ சேசிஸில் மாட்டினால் கரண்ட் லோடர் பின்கள் வழியாக ஓடி அவற்றில் குழி போட்டுவிடும். பக்கெட்டைக் கழற்றித் தரையில் வைத்துச் செய்வது இன்னும் நல்லது. சிலிண்டர்களைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ஒரு பொறி ராடில் ஒட்டினால் போச்சு.

அப்புறம் எண்ணெய் வழி. மூன்று விதமாக எடுக்கலாம். பின்பக்க வால்விலிருந்து நீள ஹோஸ் போட்டு முன்னால் கொண்டு வருவது எளிது, ஆனால் கவ்வும்போது கை பின்னால் போக வேண்டும். டைவர்டர் வால்வ் என்றால் பக்கெட்டை மடக்கும் லைனையே ஒரு பொத்தானை அழுத்திக் கவ்விக்குத் திருப்பலாம். ஒரே நேரத்தில் மடக்கவும் கவ்வவும் முடியாது, அவ்வளவுதான் குறை. கிளை அள்ளும் வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். தனியாக மூன்றாவது வால்வ் போடுவது மூன்றிலும் சொகுசு. ஆனால் அதற்கு லோடர் வால்விலிருந்து எண்ணெய் எடுக்கும்போது, டேங்குக்குத் திரும்பும் துவாரத்தில் ஹோஸை மாட்டி அதை அடுத்த வால்வுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் முழு அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல, வால்வின் உடலே விரிசல் விடும். அழுத்தத்தோடு வெளியே எடுக்க பவர் பியாண்ட் என்று தனி ஸ்லீவ் வரும், அதைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஹோஸ் 3/8 அங்குலம், இரண்டு கம்பி வலை உள்ளது. ஒற்றை வலை 180 பார்தான், அதிர்ச்சி அழுத்தத்துக்கு இடமே இருக்காது. இரட்டை வலை 330 பார். பக்கெட் பின் அருகே ஹோஸுக்கு ஒரு தளர்வான வளையம் விடுங்கள். பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்தும் முழுக்க மடக்கியும் பார்த்து, இரண்டிலும் இழுபடாத, நசுங்காத நீளத்தைக் கயிறு வைத்து அளந்து, அதற்குப் பிறகு ஹோஸை ஆர்டர் செய்யுங்கள். ஹோஸ் வளையும், முறுக்கினால் தாங்காது. மேலே எழுத்துக் கோடு நேராக ஓடுகிறதா என்று பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும். இணைப்புகளில் டேப் சுற்றுவதைத் தவிருங்கள், ஒரு துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போனால் அதைத் தேடி எடுப்பது பெரிய பாடு.

நிமிடத்துக்கு 25 லிட்டர் வரும் பம்பில் இரண்டு 40 மி.மீ. சிலிண்டரும் ஒரு நொடியில் மூடிவிடும், படாரென்று. லைனில் ஒரு த்ராட்டில் (எண்ணெய் ஓட்டத்தைக் குறைக்கும் வால்வ்) போட்டு மூன்று நொடிக்கு இழுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிராஸ்ஓவர் ரிலீஃப் வால்வ்: அழுத்தம் மிஞ்சினால் எண்ணெயைச் சிலிண்டரின் மறுபக்க லைனுக்குத் திறந்துவிடுவது. நகத்தைத் திறந்து வைத்து வேர்க்கட்டையில் முட்டும்போது நகம் சிலிண்டரைத் திருப்பித் தள்ளும். நுனியில் வாங்கிய அடி, வாலில் நாலு மடங்காக ஏறும். வால்வ் மூடியிருந்தால் உள்ளே சிக்கிய எண்ணெய்க்குப் போக்கிடம் இருக்காது, ராடு வளையும், இல்லையென்றால் ஹோஸ் பிய்யும். ஹோஸ் வெடித்தாலும் சுமை விழாமல் இருக்க, எண்ணெயைச் சிலிண்டருக்குள்ளேயே பூட்டி வைக்கும் பைலட் செக் வால்வும் போடுகிறீர்கள் என்றால், ரிலீஃப் அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் வர வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் எண்ணெய் செக் வால்வைத் தாண்டி ரிலீஃபுக்கு வரவே வராது.

முதல் முறை ஓட்டும்போது சுமை இல்லாமல் மெதுவாகப் பலமுறை திறந்து மூடிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள், இரண்டு சிலிண்டரும் புது ஹோஸும் ஒரு லிட்டரை ஒட்டிக் குடித்திருக்கும். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். ஒரு அட்டைத் துண்டை ஓட்டிப் பாருங்கள்.

பெயின்ட் அடிக்க அவசரப்பட வேண்டாம். சில நாள் வெறும் இரும்பாகவே வேலை செய்யட்டும், அதற்குள் வெல்டிங் ஓரங்களில் துரு நிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். முதலில் பட்டையின் கீழ் முனையையும் சதுரக் குழாய் முடியும் மூலைகளையும் பாருங்கள். கோடு இருந்தால் மேலேயே இன்னொரு அடுக்கு ஓட்டாமல், அதை முழுக்கக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள்.