படையிலிருந்து வெளியேறும் முன்: சொல்லாமல் விட்ட வலியைப் பதிவில் ஏற்றுங்கள்

கேள்வி: பெண் சிப்பாயாகப் பத்து ஆண்டுப் படைப்பணி முடிந்து இன்னும் மூன்று மாதத்தில் வெளியே வருகிறேன். இடது தொடை இடுக்கில் வலி இருக்கிறது. ஓடினால் சிறுநீர் கசிகிறது. கேலிக்குப் பயந்து சிக் ரிப்போர்ட் (உடல்நிலை சரியில்லை என்று படை மருத்துவரிடம் பதிவு செய்வது) போடாமலே காலம் தள்ளிவிட்டேன். இப்போது சொன்னால் எடுபடுமா?

பதில்: எடுபடும். ஆனால் வெளியேறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘குறை எதுவுமில்லை’ என்று கையெழுத்துப் போட்ட பிறகு, பணியில் வந்த கோளாறு இது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

முதலில் தொடை இடுக்கு வலி. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் வலி அங்கேதான் தெரியும். அதோடு ஓடிக்கொண்டே இருந்தால் எலும்பு முழுதாக முறிந்துபோகலாம். ஆகவே ஓட்டத்தையும் சுமையையும் இன்றே நிறுத்துங்கள். வலிக்கிறதா என்று ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். புது விரிசல் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது, ஆனால் வலி தொடர்கிறது என்றால் எம்ஆர்ஐ கேளுங்கள்.

பெண்களுக்கு இந்த விரிசல் அதிகம் வருவதைப் பலவீனம் என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். 25 கிலோ மூட்டை 75 கிலோ உடம்புக்கு மூன்றில் ஒரு பங்கு, 55 கிலோ உடம்புக்கோ கிட்டத்தட்ட பாதி. அணியில் உயரமானவர்களின் அடிக்கு ஈடு கொடுக்கக் காலை எட்டிப் போடும்போது இடுப்பெலும்பு இழுபடுகிறது. நீளமான முதுகுக்கு அளவெடுத்த மூட்டையின் இடுப்புப்பட்டை, குட்டையான முதுகில் இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கும். பாரம் முழுக்கத் தோளில் ஏறிக் கை மரத்துப்போகும். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாய் நின்று, எலும்பும் தேயத் தொடங்கும். மூன்று மாதமோ அதற்கு மேலோ மாதவிடாய் நின்றதுண்டா? அப்படியென்றால் மருத்துவரிடம் அதையும் சொல்லி, எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் சேமிப்பு) பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள்.

அடுத்தது சிறுநீர். பிரசவமே ஆகாத பெண்களுக்கும் குதிப்பதாலும் சுமை தூக்குவதாலும் கசிவு வரும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள். சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்து, முடிந்தவரை பத்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். பலர் மூச்சை அடக்கிக் கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது கசிவைக் கூட்டத்தான் செய்யும். வயிறும் பிட்டமும் இறுகாமல், மூச்சு சீராக ஓட வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் வந்தால் இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒரே அமர்வில் சொல்லிவிடுவார்.

களத்தில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பழக்கம் இன்னொரு வம்பு. சிறுநீர்த் தொற்று, கல் இரண்டுக்கும் அது வழி. இப்போது கழிவறை பக்கத்திலேயே இருந்தும் பலர் ‘எதற்கும் ஒரு தடவை’ என்று அடிக்கடி போவார்கள்; சிறுநீர்ப்பையும் கொஞ்சம் நிறைந்ததுமே அவசரப்படுத்தும். தொற்று இல்லை என்று பரிசோதித்துக்கொண்டு, மூன்று நாளைக்குக் குடித்த அளவையும் போன நேரத்தையும் குறித்து வையுங்கள். பிறகு இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடம் வீதம் கூட்டுங்கள்.

பதிவுக்கு, ஒரு கோளாறுக்கு ஒரு தாள். ‘இடுப்பு வலி உண்டு’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘மார்ச் 2019, ரூட் மார்ச், சுமை 25 கிலோ, 12 கி.மீ. முடிவில் இடது தொடை இடுக்கில் வலி தொடக்கம், வலி மாத்திரையோடு பணி தொடர்ந்தேன்’ என்ற அளவுக்கு இருக்கட்டும். மாதம் நினைவில்லை என்றால் ஆண்டை மட்டும் எழுதுங்கள். ஊகித்த தேதி பின்னால் காலை வாரிவிடும். உடனிருந்தவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் கிடைத்தால் இணையுங்கள். காது இரைச்சல், தூக்கமின்மை, பணியில் நேர்ந்த பாலியல் அத்துமீறலின் பாதிப்பு ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

வெளியே வந்ததும், ‘உங்கள் கணவர் எந்தப் படையில்?’ என்று கேட்கும் மருத்துவர்களைச் சந்திப்பீர்கள். உட்கார்ந்ததுமே ‘பத்து வருடம் சிப்பாயாக இருந்தேன், சுமையோடு ஓடியிருக்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். உள்பரிசோதனைக்குப் பெண் மருத்துவரைக் கேட்கலாம், நடுவில் நிறுத்தவும் சொல்லலாம். கோப்பின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும்.