‘மிகக் குறைந்த முக்கியமான’ என்பதற்குப் பாரசீகத்தில் ‘கம்தரீன் மொஹெம்’ சரியா?

சரியில்லை. ‘கம்-அஹம்மியத்-தரீன்’ என்று எழுதுங்கள். ‘அஹம்மியத்’ என்றால் முக்கியத்துவம். முன்னால் ‘கம்’ (குறைந்த), பின்னால் ‘தரீன்’ (‘மிக’ என்ற பொருள் தரும் விகுதி).

ஆங்கிலம் வழியாகப் பாரசீகம் படிப்பதுதான் காரணமாக இருக்கும். அங்கே ‘least’ என்ற ஒரே சொல் எந்தப் பெயரடைக்கு முன்னாலும் நிற்கும். பாரசீகத்தின் ‘கம்தரீன்’ பெயர்ச்சொல்லைத்தான் கேட்கும்: ‘கம்தரீன் கெய்மத்’, அதாவது மிகக் குறைந்த விலை. ‘மொஹெம்’ பெயரடை என்பதால் அதனோடு ஒட்டாது.

எழுதும் முன் ஒரு சோதனை. ‘தரீன்’ இல்லாமல் சொல்லிப் பாருங்கள். ‘கம்-கதர்’, ஆபத்துக் குறைந்த, தனியே நிற்கிறது. ஆகவே ‘கம்-கதர்-தரீன் ராஹ்’, ஆபத்து மிகக் குறைந்த வழி. பெயர்ச்சொல் பின்னால்தான் வர வேண்டும்; நடுவே, பாரசீகத்தில் பெயர்ச்சொல்லை அடுத்த சொல்லோடு இணைக்கும் ‘எ’ கூடாது. ஈரானின் மாகாணங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்த ஈலாமை ‘கம்-ஜம்இய்யத்-தரீன் ஓஸ்தான்-எ ஈரான்’ என்பார்கள். அந்த ‘எ’ ஓஸ்தானுக்கு (மாகாணம்) பிறகு வருவதைக் கவனியுங்கள்.

‘ஜாலெப்’ (சுவாரசியமான) போன்ற பெயரடைகளுக்கு இந்த அச்சு உதவாது. ‘ஈன் கெதாப் அஸ் ஹமே கம்தர் ஜாலெப் அஸ்த்’, இந்தப் புத்தகம் எல்லாவற்றையும்விடச் சுவாரசியம் குறைந்தது, என்று வாக்கியத்தையே மாற்றுங்கள்.

ஆனால் எதிர்ச்சொல் கைவசம் இருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். கடினம் மிகக் குறைந்த பாடம் என்பதை ஈரானியர்கள் ‘ஆசான்-தரீன் தர்ஸ்’, மிக எளிய பாடம், என்றே சொல்லிவிடுவார்கள்.