ஏரியின் பெயரைக் கொண்டு தேடுங்கள்

அன்புள்ள ஐயா,

கடலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் புவியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறேன். பெருமாள் ஏரியின் நீர்ப்பரப்பு கடந்த நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை, வரைபடங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடும் ஜிஐஎஸ் (புவித் தகவல் அமைப்பு) வழியாக ஆராய விரும்புகிறேன். எங்கள் நூலகத்தில் இத்துறைக்கு இரண்டு பாடநூல்களே உள்ளன. இணையத்தில் தேடினாலோ ஆயிரக்கணக்கில் வந்து விழுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ச., குறிஞ்சிப்பாடி

அன்புள்ள ச.,

‘ஜிஐஎஸ்’ என்று தேடினால் ஆயிரம் வரத்தான் செய்யும். அது கருவியின் பெயர். உங்கள் பொருள் ஏரி. ஆகவே ஏரியின் பெயரைக் கொண்டு தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதை ஒருவர் ‘லேக்’ என்றும், ஒருவர் ‘டேங்க்’ என்றும், இன்னொருவர் ‘ஏரி’ என்றே ஒலிபெயர்த்தும் எழுதியிருப்பார்கள் என்பதால் மூன்றையும் இட்டுப் பாருங்கள். ஏரிக்கு நீர் தரும் பரவனாறு, அருகிலுள்ள நெய்வேலி ஆகிய பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர் மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. அதற்கு முந்தையவை எல்லாம் நூலக அட்டவணைகளில் ‘சவுத் ஆர்க்காடு’ என்ற பெயரின் கீழேயே கிடக்கின்றன. பரங்கிப்பேட்டையை ‘போர்ட்டோ நோவோ’ என்று தேடாதவருக்குப் பழைய ஆவணங்களில் பாதி கண்ணில் படாது.

முதலில் பார்க்க வேண்டியது, பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேர்ந்திருக்கும் சோத்கங்கா களஞ்சியம். அண்ணாமலை, புதுவை, சென்னை, அண்ணா பல்கலைக்கழகங்களின் ஏடுகளை அங்கே வரிசையாகப் பாருங்கள். முழு ஏட்டையும் படிக்க வேண்டியதில்லை. அத்தியாயங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், ஆய்வு முறை பற்றிய அத்தியாயத்தையும் கடைசியில் உள்ள துணைநூற்பட்டியலையும் மட்டும் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் பகுதியைத் தொட்ட நல்ல ஏடு ஒன்று கிடைத்துவிட்டால், அதன் பட்டியலே உங்களுக்கு ஆறு மாத வேலையை மிச்சப்படுத்தும். அங்கே குறிக்கப்பட்ட ஆய்விதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்குமே என்று தயங்க வேண்டாம்: 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பெரும்பாலான முக்கிய இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இரண்டு பாடநூல் உள்ள நூலகத்திலும் நூலகர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் மறந்துவிடுகிறார்கள்.

புதுச்சேரிக்கு வரும் வசதி இருந்தால், செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கு முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டு வாருங்கள். தென்னிந்தியத் தாவரப் பரவலைப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்து வெளியிட்ட நிறுவனம் அது. அந்த வரைபடத்தில் உங்கள் ஏரியைப் பெரிதாகக் காண முடியாது. ஆனால் ஒரு நிலப்பகுதியை எப்படி வகைப்படுத்தி விளக்குவது என்பதை அதைப் பார்த்தே கற்கலாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகமும் உண்டு. தென்னார்க்காட்டைப் பற்றி கார்ஸ்டின் எழுதிய 1878ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டையும் பிரான்சிஸ் எழுதிய 1906ஆம் ஆண்டு கெசட்டியரையும் இணையத்திலேயே வாசிக்கலாம். பாசனம் பற்றிய பக்கங்களை விட்டுவிடாதீர்கள்.

இனி தரவு. லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 1972இலிருந்து உள்ளன. 2008 முதல் இலவசம். முப்பது மீட்டர் நுணுக்கம் (படத்தின் ஒரு புள்ளி தரையில் முப்பது மீட்டர்) 1980களில்தான் வந்தது என்பதால், உங்கள் நாற்பது ஆண்டு வரையறை பொருத்தமானதே. பத்து மீட்டர் நுணுக்கத்துக்கு 2015இலிருந்து ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல் 2 உண்டு. ஆனால் ஏரி நிரம்புவது வடகிழக்குப் பருவத்தில். அப்போது வானமெங்கும் மேகம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம் வேண்டுமானால் சென்டினல் 1. லேண்ட்சாட் 7 படங்களை எடுக்கும்போது, 2003 மே மாதத்துக்குப் பின் அதன் வருடல் கோடுகளைச் சரிசெய்யும் கருவி பழுதாகி, ஒவ்வொரு படத்திலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கோடு கோடாக வெற்றிடம் விழுவதை நினைவில் வையுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதலான லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலக நீர்ப்பரப்புகளைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. முதற்கட்ட ஒப்பீட்டுக்கு அது போதும். ஆகாயத்தாமரையும் நாணலும் மூடிய நீரை அந்தக் கணக்கு நிலமென்று எண்ணிவிடக்கூடும் என்பதால், அதை இறுதி முடிவாகக் கொள்ளாதீர்கள்.

ஒரு ஜனவரிப் படத்தையும் ஒரு மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து ‘ஏரி சுருங்கிவிட்டது’ என்று எழுதிய கட்டுரைகளை நான் வாசித்திருக்கிறேன். கோடையில் ஏரி சுருங்காமல் என்ன செய்யும்? ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிடுங்கள். அந்த ஆண்டின் மழையளவையும் அருகில் குறியுங்கள்.

இதைவிட மோசமான பிழையை நானே செய்திருக்கிறேன். பழைய நில அளவை வரைபடமான டோப்போ ஷீட் ஒன்றை (உங்கள் பகுதி 58 எம் வரிசையில் வரும்) செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியபோது, ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் இடம்பெயர்ந்திருப்பதாகத் தெரிந்தது. மகிழ்ச்சியில் இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். கரை நகரவே இல்லை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள், பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரிகளில் ஒன்றான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் படமோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியின் அடிப்படையில் அமைந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றாமல் பொருத்தியதால் வந்த இடைவெளியைத்தான் நான் வரலாறு என்று எண்ணிவிட்டேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. ஆனால் செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆகவே எந்த வரைபடத்தை இறக்கினாலும், அளவு, அளக்கப்பட்ட ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, அடிப்படைக் கோளம் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிய பிறகே கோப்பைத் திறவுங்கள். அளந்த ஆண்டுக்கும் அச்சிட்ட ஆண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் கேட்கப்படாத ஒரு மூலம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. கிராம நிலங்களைப் பட்டியலிடும் ‘அ’ பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கின் பரப்பு புல எண் வாரியாக உள்ளது. கிராம வரைபடமும் புலப்படமும் எல்லையைக் காட்டும். அந்த எல்லை சட்டப்படியானது. செயற்கைக்கோள் காட்டுவது அன்றைய நீர். இரண்டையும் ஒரே ‘ஏரி’ என்று எழுதினால் ஆய்வு குழம்பும். எது உங்கள் கேள்வி என்பதை வழிகாட்டியிடம் பேசி முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். எந்தெந்த ஆண்டுகளின் ஜனவரிப் படங்கள் தெளிவாகக் கிடைத்தன என்பதையும் அப்போது தெரிவியுங்கள்.