பலேடியத்துக்குள் என்னதான் நடக்குது? குளிர் இணைவு: கேள்வி பதில்

கொக்குவில், உயர்தர மாணவன்: சேர், சூரியனுக்குள்ள நடக்கிற கரு இணைவு ஒரு கிளாஸ் தண்ணிக்குள்ள எப்பிடி நடக்கும்?

தம்பி, 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மான், பொன்ஸ் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் அப்படி நடந்ததாக அறிவித்தார்கள். நீங்கள் ஆய்வுகூடத்தில் செய்யும் மின்பகுப்புத்தான். தண்ணீருக்குப் பதில் கனநீர், அனோட்டு பிளாற்றினம், கதோட்டு பலேடியம். கனநீரில் இருக்கும் பாரமான ஐதரசனுக்குத் தூத்தேரியம் என்று பெயர். குமிழியாகப் போகவேண்டிய அது பலேடியத்துக்குள் ஊறிவிடும். அந்த உலோகம் தன் கனவளவைப்போல ஏறத்தாழ 900 மடங்கு ஐதரசனைக் குடிக்கும். கொடுத்த மின்சக்தியைவிடக் கூடுதலாக வெப்பம் வந்தது, இரசாயனத் தாக்கம் அவ்வளவு தராது, ஆகவே கரு இணைவு என்றார்கள்.

சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட நாட்களில்தான் நான் இதை விரிவாக வாசித்தேன். உண்மையாக இருக்கவேணும் எண்டு மனம் ஏங்கினது. இப்பவும் ஏங்குது.

சாவகச்சேரி, ஆசிரியை: உலோகத்துக்குள்ள நெருக்கி அடைச்சால் கருக்கள் ஒட்டாதோ?

நெருக்கமே அங்கு இல்லை, ரீச்சர். தூத்தேரிய மூலக்கூறில் கருக்களுக்கு இடையே 0.74 அங்ஸ்ரோம் (ஒரு அங்ஸ்ரோம் மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பலேடியச் சாலகத்தில், அதாவது அதன் அணுக்களின் ஒழுங்கான அடுக்கில், அடுத்தடுத்த இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 2.8. உள்ளே போனபின் இன்னும் தள்ளித்தான் இருக்கின்றன. கருக்கள் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தள்ளுவிசைதான் இணைவுக்குத் தடை. உலோகத்தின் இலத்திரன்கள் அதைக் கொஞ்சம் மறைக்கும். இது அளந்து கண்ட உண்மை, ஆனால் அறை வெப்பநிலைக்கு அது காணாது.

இலத்திரனைப்போல 207 மடங்கு பாரமான மியூவோன் என்ற துகள் இருந்தால் கதை வேறு. அது கருக்களை மிக அருகே இழுத்துவிடும், குளிரிலேயே இணைவு நடக்கும். அதில் ஐயமில்லை. ஆனால் மியூவோனின் ஆயுள் 2.2 மைக்ரோ செக்கன். அதை உண்டாக்கச் செலவான சக்தி திரும்பி வராது.

பருத்தித்துறை, இளைப்பாறிய பொறியியலாளர்: சரி, ஒட்டினது எண்டே வைப்பம். நியூத்திரன் எங்கை?

முடிச்சு இதிலேதான் கிடக்கு, ஐயா. இரண்டு தூத்தேரியக் கருக்கள் சேர்ந்தால் ஏறத்தாழப் பாதித் தடவை நியூத்திரன் வெளிவரும், மற்றப் பாதி திரித்தியமும் (இன்னும் பாரமான ஐதரசன்) புரோத்தனும். ஒரு வாற்று வெப்பத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நியூத்திரன். அது உண்மையில் வந்திருந்தால் பக்கத்தில் நின்றவர்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். கோடியில் ஒரு தடவைதான் ஈலியமும் 23.8 மெகா இலத்திரன்வோல்ற் காமாக் கதிரும் வரும். ஆதரவாளர்களோ ஈலியம் மட்டும் வருகிறது, காமாக் கதிர் இல்லை என்கிறார்கள். தடையைத் தாண்டியது, நியூத்திரன் வராதது, காமாக் கதிர் மறைந்தது: அணுக்கரு இரசாயனவியலாளர் ஹூயிசெங்கா இவற்றை மூன்று அற்புதங்கள் என்றார்.

நல்லூர், பல்கலைக்கழக மாணவி: அப்ப ஆர் ஆர் என்னென்ன விளக்கம் சொல்லினம்?

பிள்ளை, நோபல் பரிசு பெற்ற ஷ்விங்கர், சக்தியைச் சாலகம் முழுவதும் அதிர்வாக வாங்கிக்கொள்ளும் என்றார். அமெரிக்க ஆய்வாளர் ஹாகெல்ஸ்டைன் அந்த வழியைப் பல வருடமாக வளர்க்கிறார். நல்லூர்த் தேர் வடத்தை நினையுங்கள். ஒருவரால் அசையாத தேரை ஆயிரம் பேர் சேர்ந்தால் நகர்த்தலாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே கணத்தில் குரல் கேட்கவேணும். இங்கே ஒளி ஒரு அணுவின் அகலத்தைக் கடக்கமுதலே கிளர்ந்த ஈலியக் கரு உடைந்து முடிந்துவிடும். பிறகு பல கோடி அதிர்வுகளுக்கு ஆர் பங்கிட்டுக் கொடுப்பது? எனக்கு மிகவும் பிடித்த கொள்கை இதுதான், இடறுவதும் இங்கேதான்.

ஜப்பானிய ஆய்வாளர் தகாஹாஷி நாலு தூத்தேரியம் ஒன்றாகச் சேர்வதாகக் கணக்கிடுகிறார். இரண்டே சேராத இடத்தில் நாலா என்ற கேள்வி நிற்கிறது.

விடம், லார்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் தள்ளுவிசையையே சுற்றிப் போனார்கள். உலோக மேற்பரப்பில் இலத்திரனும் புரோத்தனும் சேர்ந்து மிக மெதுவான நியூத்திரனாகும், அதற்கு மின்னேற்றம் இல்லாதபடியால் எந்தக் கருவுக்குள்ளும் நுழையும் என்றார்கள். அழகான யோசனை. ஆனால் அந்தச் சேர்க்கைக்கு 0.78 மெகா இலத்திரன்வோல்ற் வேண்டும். மின்பகுப்புக் கலத்தில் இருப்பதோ சில வோல்ற்றுத்தான்.

மானிப்பாய்: அப்ப எல்லாம் பொய்யோ, சேர்?

1989இல் சொன்ன வெப்பத்தை எவரும் நினைத்தபோது திரும்பச் செய்துகாட்டக் கூடியதாக இல்லை. கூகுள் பணத்தில் நடந்த ஆய்வும் 2019இல் சான்று இல்லை என்றே எழுதியது. அதே ஆய்வில் முன்னின்ற கனடாவின் பெர்லிங்கெற் குழு 2025இல் பலேடிய இலக்கு ஒன்றின் ஒரு பக்கத்தில் பிளாஸ்மாவால் தூத்தேரியத்தை மோதவிட்டு, மறுபக்கத்தில் மின்பகுப்பால் இன்னும் தூத்தேரியத்தை உள்ளே ஏற்றியது. மின்பகுப்பு இல்லாதபோது இருந்ததைவிட இணைவு வீதம் 15 சதவீதம் கூடியது. அவர்கள் எண்ணியது வெப்பத்தை அல்ல, நியூத்திரனை. வெளிவந்த சக்தி உள்ளே போனதற்குக் கிட்டவும் இல்லை. ஆனாலும் எண்ணிக் காட்டக்கூடிய ஒன்று கிடைத்திருக்கிறது. நான் அடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது, மோதும் வேகத்தைக் குறைக்கக் குறைக்க அந்த 15 என்ன ஆகிறது என்பதைத்தான்.