மூளைக்குப் போகும் நாடிகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

யாழ்ப்பாணத்தில் உடற்கூற்றியல் படிப்பிக்கிறவன் நான். தமிழ்நாட்டார் தமனி என்பதைத்தான் நாங்கள் நாடி என்கிறோம், குழம்ப வேண்டாம்.

கேள்வி: சேர், அம்மாவின் எம்.ஆர்.ஐ ரிப்போட்டில் வலப்பக்க வேர்டிப்ரல் நாடி 'ஹைப்போபிளாஸ்டிக்' என்று கிடக்கிறது. அடைப்பா?

பதில்: இல்லைத் தங்கச்சி, அந்த நாடி பிறவியிலேயே ஒல்லி, அவ்வளவுதான். கழுத்தெலும்புத் துளைகளூடாக ஏறும் இடது, வலது வேர்டிப்ரல் நாடிகள் இரண்டும் ஒரே பருமனில் இருப்பது குறைவு, அநேகமாக இடதுதான் பெரிது. மேலே போய் இரண்டும் ஒன்றாகச் சேர்வதால் பெரியது ஈடுகொடுத்துவிடும். அம்மாவின் பிரஷரையும் சீனியையும் கவனியுங்கள்.

கேள்வி: வில்லிஸ் வளையம் எல்லோருக்கும் முழு வளையமா?

பதில்: நல்ல கேள்வி. மூளையின் அடியில் நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து உண்டாகும் வளையம் இது. அதற்குப் பெயர்தந்த ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் வில்லிஸ் மூளை பற்றி 1664இல் வெளியிட்ட நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிறகு லண்டனில் சென் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய அதே ஆள். புத்தகப் படத்தில் வளையம் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் உண்மையில் பாதிப்பேருக்கு மேல் ஏதாவதொரு இணைப்பு நூல்போல மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். சாதாரண நாளில் அது தெரியவே தெரியாது. யாழ்ப்பாணம் வரும் வழியில் ஆனையிறவில் பாதை மறிபட்டால் பூநகரி சுற்றிச் சங்குப்பிட்டிப் பாலத்தால் வரலாம்தானே, ஆனால் 2011க்கு முன் அங்கே பாலம் இல்லையே! அப்படித்தான், கழுத்து நாடியொன்று அடைபடும் அன்றைக்குத்தான் உங்கள் வளையத்தில் பாலம் உண்டா இல்லையா என்பது விளங்கும். ஒரே அளவு அடைப்பு ஒருவருக்குச் சும்மா கடந்துபோக, இன்னொருவரைப் பாரிசவாதத்தில் விழுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 'ஃபீட்டல் பி.சி.ஏ' என்றால்?

பதில்: பி.சி.ஏ என்பது மூளையின் பின்பகுதிக்குப் போகும் நாடி, ஃபீட்டல் என்றால் கருவிலிருந்தபடி. கருவில் மூளையின் பின்பகுதிக்கும் இரத்தம் கழுத்தின் முன்பக்கக் கரோட்டிட் நாடியிலிருந்துதான் போகும், பிறகு பின்பக்க வேர்டிப்ரல் நாடிகள் பொறுப்பெடுக்கும். சிலருக்கு அந்தப் பழைய ஏற்பாடே நிலைத்துவிடுகிறது. நோயில்லை. ஆனால் கரோட்டிட்டில் உருவாகும் இரத்தக்கட்டி இவர்களுக்குப் பின்னால் போய்ப் பார்வையையும் பாதிக்கலாம்.

கேள்வி: பெர்ச்சரோன் நாடி?

பதில்: மூளையின் நடுவில் இடமும் வலமுமாக இருந்து விழிப்புக்கு உதவும் இரண்டு தலாமசுக்கும் ஒரே கிளை. அரிது, ஆனால் பொல்லாதது. அது அடைபட்டால் கை கால் இழுக்காமலே ஆள் தூங்கி வழிவார், முதல் சீ.டி ஸ்கானும் சுத்தமாக இருக்கலாம். 'களைப்பில் படுக்கிறார்' என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: அப்ப எல்லோரும் ஸ்கான் எடுத்துப் பார்க்கட்டோ?

பதில்: வேண்டாம், காசு வீண். நெருங்கிய உறவினரில் இரண்டு பேருக்காவது மூளை நாடி வீங்கி வெடித்திருந்தால் மட்டும் டொக்டரிடம் கேளுங்கள்.